‘கண்ணுல மண்ணள்ளிப் போட்டாப்பல இருக்குது!’ - வெல்டிங் மெஷினை ஆன் செய்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இரவு 1 மணி. கருமத்தம்பட்டியை ஒட்டிய ஒரு தோட்டத்து வீடு. தூங்கிக்கொண்டிருந்தவர் திடீரென எழுந்து உட்கார்கிறார். கண்ணைத் திறக்க முடியவில்லை. தாரை தாரையாகக் கண்ணீர்.

“என்னாச்சுங்க?” என்று பதறிப்போய் லைட்டைப் போடுகிறார் மனைவி.

“லைட்டை நிறுத்து புள்ள... கண்ணுல மண்ணள்ளிப் போட்டாப்பல இருக்குது!”

சத்தம் கேட்டு அம்மா எழுந்து வருகிறார். “தாய்ப்பால் ரெண்டு சொட்டு உட்டாச் செரியாப்போயிரும் சாமி” என்கிறார். அதற்குள் பக்கத்து அறையில் 10 வயதுப் பையனும் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழ ஆரம்பிக்கிறான்.

அன்று மதியம் அந்த வீட்டில் நடந்தது இதுதான். ஆன்லைனில் வாங்கிய புது வெல்டிங் மெஷினில், கழன்றுபோன கேட் கீலை அப்பா பற்றவைத்தார். கண்ணுக்கு கூலிங் கிளாஸ். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் பையன். “அந்தப் பக்கம் திரும்பிக்க” என்று சொல்லியிருந்தார். அவனும் முடிந்தவரை திரும்பித்தான் நின்றான்.

இது குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் கதை அல்ல. வெல்டிங் மெஷின் வீட்டுக்குள் வந்துவிட்ட எந்த ஊரிலும் நடக்கக்கூடிய இரவு.

மெஷின் வந்தது... மேஸ்திரி வரவில்லை!

கோவை மாவட்டத்துக்கும் இரும்புக்கும் பழைய சொந்தம். ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் எலெக்ட்ரிக் மோட்டாரை 1937-ல் உருவாக்கிய மண் இது. அதன்பின் பம்ப்செட், கிரைண்டர், நூற்பாலை இயந்திரம் என்று பட்டறைகள் பெருகின. சேலம் - கொச்சி தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் கருமத்தம்பட்டியிலும், அதை அடுத்த சோமனூரிலும் விசைத்தறிச் சத்தம்தான் ஊரின் சத்தம். தறி உடைந்தால் பற்றவைக்க வேண்டும். டிராக்டர் டிரெய்லர், கோழிப்பண்ணை ஷெட், மாட்டுக் கொட்டகை, வீட்டு கிரில் கேட் என எதற்கும் வெல்டிங் இல்லாமல் ஆகாது.

முன்பெல்லாம் அதற்குப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் செட்டை ஒருவரால் தூக்க முடியாது; சக்கரம் வைத்துத்தான் நகர்த்துவார்கள். வேலை கற்றுக்கொள்ள வரும் பையன் கையில் முதல் நாளே ஹோல்டரைக் கொடுக்க மாட்டார்கள். ராடு எடுத்துக் கொடுப்பது, கசடு தட்டுவது, கேபிள் சுருட்டுவது என்று மாதக்கணக்கில் மேஸ்திரியின் பக்கத்தில் நின்ற பிறகுதான் ‘டாக்’ அடிக்கவே விடுவார்கள். எங்கே நிற்க வேண்டும், எப்போது கண்ணை மூட வேண்டும், எந்தப் பொருளைத் தொடவே கூடாது என்பதெல்லாம் அந்த மாதங்களில் தானாகப் பழகிவிடும்.

இன்வெர்ட்டர் மெஷின் அந்தக் கதையை மாற்றிவிட்டது. 5 கிலோ அளவிலேயே எடை. தோளில் மாட்டிக்கொள்ள பெல்ட். சிங்கிள் பேஸ் மின்சாரம் போதும். சில ஆயிரம் ரூபாயில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. மெஷின் சிறுத்துவிட்டது. ஆனால், ராடு நுனியில் பிறக்கும் ‘ஆர்க்’ கொஞ்சமும் சிறுக்கவில்லை.

நீல வெளிச்சத்துக்குள் என்ன நடக்கிறது?

இரும்பு உருகுவதற்கு 1,538 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆர்க்கின் வெப்பம் அதைவிடப் பல மடங்கு அதிகம். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை மெஷின் உள்ளே வாங்கி, வோல்டேஜைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டி வெளியே தருகிறது. பற்றவைக்கும்போது ராடு நுனியில் 20 முதல் 30 வோல்ட்தான் இருக்கும்; கரண்டோ 100 ஆம்பியரைத் தொடும்.

ராடைச் சுற்றியிருக்கும் மேல்பூச்சு எரிந்து வாயுவாக மாறி, உருகிய இரும்பைக் காற்று தீண்டாமல் காக்கிறது. மிச்சம் கசடாக மேலே படிகிறது. இந்த மேல்பூச்சு ராடுக்கு வழிகாட்டியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கர் ஷெல்பெர்க். அவர் 1904-ல் தொடங்கிய நிறுவனம்தான் இன்றும் வெல்டிங் கடைகளில் பார்க்கும் ‘எசாப்’. நூறு வருடத்துக்கு மேலாகியும் அடிப்படை அதேதான்: வெப்பம், வெளிச்சம், புகை, பொறி. நான்குமே ஆபத்து. நான்கையும் கட்டுப்படுத்துவதுதான் வெல்டிங்.

மெஷினின் முகத்தைப் படியுங்கள்!

கடையில் கிடைக்கும் சாதாரண ராடு வெல்டிங் மெஷினின் முன்பக்கத்தில் இருப்பவை இவைதான்.

ஆம்பியர் திருகு: எல்லோருக்கும் தெரிந்த திருகு. எவ்வளவு வைப்பது என்பது ராடின் தடிமனைப் பொறுத்தது. கடைகளில் ‘12 நம்பர்’ என்று கேட்டு வாங்கும் 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர். ‘10 நம்பர்’ என்கிற 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130. ‘8 நம்பர்’ என்கிற 4 மி.மீ. ராடுக்கு 140 முதல் 180. துல்லியமான அளவு ராடு பாக்கெட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

சரியாக வைத்திருக்கிறோமா என்பதைக் காது சொல்லிவிடும். எண்ணெய்ச் சட்டியில் பலகாரம் பொரிவதுபோல ஒரே சீரான சத்தம் வந்தால் சரி. ராடு ஒட்டிக்கொண்டே இருந்தால் ஆம்பியர் குறைவு. பொறி தெறித்து, தகடு ஓட்டையாகி, ராடே சிவந்துபோனால் அதிகம். புதிதாகக் கற்பவர்கள் கேட்டில் நேரடியாகக் கைவைக்காமல், அதே தடிமனுள்ள கழிவுத் துண்டில் முதலில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

+ மற்றும் −: கேபிள்களைச் செருகும் இரண்டு துளைகள். பரவலாகப் பயன்படும் 6013 வகை ராடு எந்தப் பக்கம் மாட்டினாலும் வேலை செய்யும். 7018 வகைக்குப் பொதுவாக ஹோல்டர் + பக்கம் இருக்க வேண்டும். இதுவும் பாக்கெட்டில் இருக்கும். செருகியபின் இறுகும்வரை திருகுவது முக்கியம். லூஸாக இருந்தால் அந்த இடமே சூடேறிக் கருகிவிடும்.

ஹாட் ஸ்டார்ட், ஆர்க் ஃபோர்ஸ், ஆன்டி ஸ்டிக்: ராடைத் தட்டிப் பற்றவைக்கும் நொடியில் கொஞ்சம் கூடுதல் கரண்ட் தருவது ஹாட் ஸ்டார்ட். ராடு இரும்புக்கு மிக அருகே போகும்போது ஆர்க் அணையாமல் தாங்குவது ஆர்க் ஃபோர்ஸ். மீறி ஒட்டிக்கொண்டால் கரண்டைக் குறைத்து, ராடைப் பிடுங்க உதவுவது ஆன்டி ஸ்டிக். பல மெஷின்களில் இவை உள்ளுக்குள் தானாகவே நடக்கும். தனித் திருகு இருந்தால் நடுவில் வைத்துத் தொடங்கலாம்.

வி.ஆர்.டி.: வெல்டிங் செய்யாமல் சும்மா இருக்கும்போது ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். இந்த வசதி அதை ஆபத்தில்லாத அளவுக்குக் குறைத்துவைக்கிறது. புது மெஷின் வாங்குகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டிய விஷயம் இது.

மஞ்சள் விளக்கு: இது எரிந்தால் மெஷின் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். சூடேறிவிட்டது, ஓய்வு கேட்கிறது என்று அர்த்தம். உடனே சுவிட்சை அணைக்காமல், ஃபேன் ஓடி மெஷின் ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்த ஓய்வுக்கு ஒரு கணக்கு உண்டு. மெஷினின் பின்பக்கத் தகட்டில் ‘200 ஆம்பியர், 60 சதவிகிதம்’ என்று இருந்தால், 200 ஆம்பியரில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம்தான் ஓட்டலாம். 4 நிமிடம் ஓய்வு. இதுதான் ‘டியூட்டி சைக்கிள்’. பொதுவாக இந்தக் கணக்கு 40 டிகிரி வெப்பத்தை வைத்துப் போடப்படுவது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஓட்டினால், ஓய்வு இன்னும் அதிகம் வேண்டும்.

தறிக்குடோன்களில் இன்னொரு சிக்கல். காற்றில் மிதக்கும் பஞ்சை மெஷினின் ஃபேன் உள்ளே இழுத்துக்கொள்ளும். பஞ்சு அடைத்தால் மெஷின் சீக்கிரம் சூடேறும். சுத்தம் செய்யும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் மிச்சமிருக்கலாம். மூடியைக் கழற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

‘எர்த்’ என்ற பெயரில் ஒரு குழப்பம்

ஹோல்டர் கேபிளுக்கு ஜோடியாக வரும் இன்னொரு கேபிளின் நுனியில் ஒரு கிளிப் இருக்கும். எல்லாப் பட்டறையிலும் அதற்குப் பெயர் ‘எர்த் கிளாம்ப்’. இந்தப் பெயரால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

அந்த கிளாம்ப் உங்களை ஷாக்கிலிருந்து காப்பாற்றும் எர்த் அல்ல. ராடு வழியாகப் போன கரண்ட் மெஷினுக்குத் திரும்பி வருவதற்கான பாதை, அவ்வளவுதான். உயிரைக் காக்கும் எர்த் இருப்பது மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னில். மெஷினின் உடம்பில் கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்கு அனுப்புவது அதுதான். ‘கிளாம்ப்தான் மாட்டியாச்சே’ என்று எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு வயரை நேரடியாக பாயின்ட்டில் செருகுகிறவர்கள், இருந்த ஒரே காவலையும் தூக்கிப் போடுகிறார்கள்.

கிளாம்ப்பை எங்கே மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். பற்றவைக்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ, அவ்வளவு பக்கத்தில். பெயின்ட்டையும் துருவையும் சுரண்டிவிட்டு, வெறும் இரும்பில். தூரத்தில் மாட்டினால் கரண்ட் தனக்குக் கிடைத்த வழியில் திரும்பும். தறியின் ஒரு முனையில் கிளாம்ப், மறுமுனையில் வெல்டிங் என்றால், நடுவில் இருக்கும் பேரிங் வழியாகக் கரண்ட் பாய்ந்து அதைப் பாழாக்கிவிடும்.

நெடுஞ்சாலையோரப் பட்டறைகளுக்கு வரும் புதிய லாரி, வேன்களில் இது இன்னும் கவனம். இன்றைய வண்டிகளின் இன்ஜினை நடத்துவது எலெக்ட்ரானிக் பெட்டி. வண்டியில் வெல்டிங் செய்யும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். அந்தப் பெட்டியின் இணைப்பையும் வண்டி கம்பெனி சொல்கிறபடி கழற்ற வேண்டும். 10 நிமிட வேலைக்குச் சோம்பல்பட்டால் செலவு வேறு மாதிரி வந்து நிற்கும்.

வியர்வையும் கரண்ட்டும்

வீட்டில் வெல்டிங் செய்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்த பாயின்ட்டில் மாட்டப்போகிறோம்? 100 ஆம்பியரில் ஓட்டினாலே, இந்தச் சின்ன மெஷின்கள் இழுக்கும் கரண்ட் வீட்டின் 16 ஆம்பியர் பாயின்ட்டின் எல்லையை ஒட்டி வந்துவிடும். அதற்கு மேல் போனால் பாயின்ட் உருகும். வெல்டிங்குக்கெனத் தனி லைன், அதற்கேற்ற தடிமனில் வயர், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. போடச் சொல்லி எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். எக்ஸ்டென்ஷன் கேபிளைச் சுருளாக வைத்து ஓட்டக் கூடாது. முழுக்கப் பிரித்துப் போட வேண்டும். சுருளுக்குள் சூடு தங்கி, மேலுறை உருகிவிடும்.

ஆர்.சி.சி.பி. இருக்கிறது என்று ஹோல்டரில் அலட்சியம் காட்டவும் கூடாது. அது சப்ளை பக்கக் கசிவைத்தான் பிடிக்கும். ஹோல்டரிலிருந்து உங்கள் உடம்பு வழியாக கிளாம்ப்புக்குப் போகும் கரண்ட் அதற்குத் தெரியாது.

காய்ந்த கையில் 70 வோல்ட் பெரிதாகத் தெரியாமல் போகலாம். வியர்வையில் நனைந்த சட்டை, ஈரமான கை, தண்ணீர் பாய்ந்த தோட்டத்து மண், வெறுங்கால் எல்லாம் சேர்ந்தால் அதே 70 வோல்ட் உயிரை எடுக்கப் போதும். அதனால் ராடு மாற்றும்போதும் காய்ந்த தோல் கையுறை வேண்டும். ஈரத் தரையென்றால் காய்ந்த பலகையோ ரப்பர் விரிப்போ போட்டு அதன்மேல் நிற்க வேண்டும். கேபிளைத் தோளில் சுற்றிக்கொள்வதும், சூடான ஹோல்டரைத் தண்ணீரில் முக்கி ஆறவைப்பதும் விடவே கூடாத பழக்கமல்ல. உடனே விட வேண்டிய பழக்கம்.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். பிறகு 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் வேகமாக, ஆழமாக அழுத்திக்கொண்டே இருங்கள்.

இன்னொன்று... வீட்டில் இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இருந்தால், மெஷினும் கேபிளும் இருக்கும் இடத்துக்கு அவர்கள் வர வேண்டாம். கேபிளைச் சுற்றி எழும் காந்தப்புலம் அந்தக் கருவியைக் குழப்பக்கூடும்.

கண்: அடிப்பது மதியம், வலிப்பது நள்ளிரவு!

அந்தத் தோட்டத்து வீட்டில் அப்பாவுக்கும் பையனுக்கும் நேர்ந்தது, கருவிழி மேல் விழுந்த வெயில் கொப்புளம் போன்ற ஒரு புண். ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக்கதிர், கண்ணின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது. அந்த நேரத்தில் வலிக்காது என்பதுதான் இதன் சூழ்ச்சி. 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் வெல்டிங் கண்வலி பெரும்பாலும் நள்ளிரவில் எழுப்புகிறது.

கூலிங் கிளாஸ் வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டும். அந்தத் தைரியத்தில் ஆர்க்கை இன்னும் நேராகப் பார்க்க வைத்துவிடும். கேஸ் வெல்டிங்குக்கான பச்சைக் கண்ணாடியும் இதற்குப் போதாது. 2.5, 3.15 மி.மீ. ராடுகளுக்கு 10 அல்லது 11-ஆம் எண் கறுப்புக் கண்ணாடி தேவை. கண்ணாடியின் ஓரத்திலேயே எண் பொறித்திருக்கும். முகம் முழுக்க மறைக்கும் ஹெல்மெட் நல்லது. ஏனென்றால் கன்னமும் கழுத்தும்கூடக் கருகும். ஆர்க் பிறந்ததும் கண்ணாடி தானாகக் கறுக்கும் ஆட்டோ ஹெல்மெட் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. புதியவர்களுக்கு அதுதான் வசதி.

உதவிக்கு நிற்பவருக்கும் அதே கண்ணாடி வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதாது. பளிச்சென்று வெள்ளையடித்த சுவரில் பட்டுத் திரும்பும் கதிரும் கண்ணைச் சுடும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது. தெருவோரம் வேலை செய்தால் ஒரு தடுப்பு வைத்துவிடுவது, பள்ளி விட்டுப் போகும் பிள்ளைகளுக்குச் செய்கிற உதவி.

வலி வந்துவிட்டால்? தாய்ப்பால், உருளைக்கிழங்கு, பால் என எதையும் கண்ணில் விட வேண்டாம். புண்ணான இடத்தில் கிருமி சேர்ந்தால் பார்வைக்கே ஆபத்து. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தும் வேண்டாம். வலியை மறைத்து, புண் ஆறுவதைத் தடுத்துவிடும். கசக்காமல், இருட்டறையில், மூடிய கண்மேல் குளிர்ந்த சுத்தமான துணியை வைத்துக்கொண்டு, கண் மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் 1 - 2 நாளில் சரியாகிவிடும். ஆனால், வலிக்குக் காரணம் இரும்புத் தூள் விழுந்ததா, கதிர் சுட்டதா என்பதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான்.

புகை: கைக்குட்டை போதாது

ஜி.ஐ. பைப்பில் பந்தலோ கேட்டோ செய்தவர்கள் சிலருக்கு, அன்று மாலையே குளிர் காய்ச்சல், உடம்பு வலி, வாயில் உலோகச் சுவை வரும். ‘சளிக் காய்ச்சல்’ என்று மாத்திரை போட்டுக்கொள்வார்கள். மறுநாள் சரியாகிவிடும். அது சளிக் காய்ச்சல் இல்லை. ஜி.ஐ. பைப்பின் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்ததால் வரும் ‘உலோகப் புகைக் காய்ச்சல்’ இது.

ஒரு டம்ளர் பால் குடித்தால் விஷம் முறியும் என்பது பட்டறைகளில் பழைய நம்பிக்கை. பால் போவது வயிற்றுக்கு. புகை போவது நுரையீரலுக்கு. இரண்டும் சந்திப்பதே இல்லை.

காய்ச்சலாவது ஒரு நாளில் போய்விடும். வருடக்கணக்கில் சேரும் பாதிப்பு போகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2017-ல் வெல்டிங் புகையை ‘மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்’ முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலை இருக்கும் அதே பிரிவு. அதைத் தொடர்ந்து 2019-ல் பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை, சாதாரண இரும்பு வெல்டிங்குக்கும் புகையை உறிஞ்சும் ஏற்பாடு வேண்டும் என்று விதியை இறுக்கியது.

வீட்டிலும் சின்னப் பட்டறையிலும் செய்யக்கூடியது என்ன? முடிந்தவரை திறந்த வெளியில் வேலை. காற்று உங்கள் முதுகிலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரும்படி நிற்பது. எழும் புகைக்கு நேர்மேலே தலையைக் கொண்டுபோகாமல் இருப்பது. பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சையும் பெயின்ட்டையும் முதலில் தேய்த்து எடுத்துவிடுவது. அந்தத் தேய்ப்புக்கும் முகக்கவசம் அவசியம். கைக்குட்டை கட்டுவதால் பயனில்லை. என்-95 தரத்துக்குக் குறையாத முகக்கவசம் வேண்டும். தண்ணீர்த் தொட்டி, கிணற்றுக் குழி போன்ற காற்றோட்டமில்லாத இடத்துக்குள் தனியாக இறங்கி வெல்டிங் செய்யவே கூடாது.

பொறி: போனபின் எரியும்

தெறிக்கும் பொறி 10 மீட்டர் தாண்டியும் போய் விழும். பஞ்சு, நூல் கழிவு, தென்னை ஓலை, சோளத்தட்டுப் போர், கோழிப்பண்ணையின் தேங்காய்நார்த் தூள் என கொங்கு வட்டாரத்தில் பொறிக்குத் தீனி எங்கும் கிடக்கிறது. பஞ்சுக்குள் விழுந்த பொறி உடனே கொழுந்துவிடாது. உள்ளேயே கனிந்து, எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு எரியும்.

1996 ஏப்ரல் 11. ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் விமான நிலையம். பயணிகள் முனையத்தின் மேலே செல்லும் சாலையில் வெல்டிங் வேலை நடந்தது. பொறி கீழே கூரைக்குள் இருந்த தெர்மாகோல் போன்ற பொருளில் விழுந்தது. புகை முனையம் முழுக்கப் பரவி 17 பேர் இறந்தார்கள். வேலை நடந்தது மேலே. உயிர்கள் போனது கீழே.

எனவே வேலை தொடங்கும் முன் சுற்றிலும் மட்டுமல்ல, கீழேயும் சுவருக்கு அந்தப் பக்கமும் பார்க்க வேண்டும். எரியும் பொருளை அகற்றுங்கள். முடியாவிட்டால் ஈரச் சாக்காவது போட்டு மூடுங்கள். ஒரு வாளி மணல், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முடித்த பிறகு குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் 1 மணி நேரம் அந்த இடத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தொடவே கூடாத ஒன்றும் உண்டு: காலி டிரம். டீசல், பெட்ரோல், தின்னர், பூச்சி மருந்து இருந்த டிரம்மைக் காலி என்று நம்பாதீர்கள். எண்ணெய் போனாலும் ஆவி உள்ளேயே இருக்கும். முழு டிரம்மைவிட அதுதான் வெடிகுண்டு. தண்ணீர் ஊற்றி அலசினாலும் போதாது. ‘தொழிற்சாலைகள் சட்டம், 1948’ இதை 37-வது பிரிவில் அன்றே எழுதிவைத்தது: எரியக்கூடிய பொருள் இருந்த எந்தக் கலனையும், அதை முழுக்க நீக்காமல் பற்றவைக்கவோ வெட்டவோ கூடாது. அதே சட்டத்தின் 35-வது பிரிவு கண் பாதுகாப்பு பற்றியதாக இருந்தது. அந்தச் சட்டம் தொழிற்சாலைக்கானதாக இருந்தது. டிரம்முக்கு தொழிற்சாலை, தோட்டம் என்ற வித்தியாசம் தெரியாது.

ஆன் செய்யும் முன் 2 நிமிடம்

* காய்ந்த பருத்தி உடை, முழுக்கை சட்டை, பேன்ட், மூடிய ஷூ. பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். லுங்கியும் செருப்பும் பொறியை வரவேற்கும். பையில் லைட்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள்.
* கேபிள் மேலுறை கிழிந்திருக்கிறதா, ஹோல்டரில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். டேப் சுற்றி ஒப்பேற்றாமல் மாற்றிவிடுங்கள்.
* மூன்று பின் பிளக், வேலை செய்யும் எர்த். கிளாம்ப் வெறும் இரும்பில், வேலைக்குப் பக்கத்தில்.
* ராடு பாக்கெட்டைப் படித்து ஆம்பியரையும் + − பக்கத்தையும் வையுங்கள். ராடு நமுத்துப்போயிருந்தால் வேண்டாம்.
* சுற்றிலும், கீழும், சுவருக்கு அப்பாலும் எரியும் பொருள் இருக்கிறதா? குழந்தைகள் எங்கே?
* ஆர்க் தொடங்கும் முன் ‘கண்ணு... கண்ணு!’ என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.
* கசடு தட்டும்போது வெள்ளைக் கண்ணாடி அணியுங்கள். சூடான கசடு கண்ணுக்குத்தான் தெறிக்கும்.
* முடித்ததும் ராடை ஹோல்டரிலிருந்து எடுத்துவிட்டு, ஃபேன் ஓடி மெஷின் ஆறியபின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள்.
* சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். இங்க், பேஸ்ட், மஞ்சள் எதுவும் வேண்டாம்.

கற்றுக்கொள்ள வழி இருக்கிறது

வெல்டிங்கை வீடியோ பார்த்துப் பழகலாம். ஆனால், வீடியோவில் இருப்பவர் உங்கள் கண்ணாடி எண்ணைச் சரிபார்க்க மாட்டார். உங்கள் பையன் எங்கே நிற்கிறான் என்று பார்க்க மாட்டார். ஐ.டி.ஐ-க்களில் ‘வெல்டர்’ பிரிவு ஓராண்டுப் படிப்பு. 8-ஆம் வகுப்பு தேர்ச்சி போதும். இன்னும் ஆழமாகக் கற்க, திருச்சி பெல் வளாகத்தில் 1975-ல் தொடங்கப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இதற்கெல்லாம் நேரமில்லை, வீட்டு வேலைக்கு மட்டும்தான் என்பவர்களுக்கு எளிய வழி, ஊர்ப் பட்டறை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு மேஸ்திரி பக்கத்தில் நின்றாலே போதும், மெஷினோடு வந்த புத்தகத்தில் இல்லாத பலதும் தெரிந்துவிடும்.

அந்தத் தோட்டத்து வீட்டில் கண்வலி இரண்டு நாளில் போய்விடும். கேட் கீல் அடுத்த வருடம் மறுபடியும் கழலும். அப்போது மெஷினை எடுக்கும் முன், 2 ஹெல்மெட் இருக்கிறதா என்று அப்பா பார்க்கட்டும். இல்லையென்றால், கீல் ஒரு நாள் கழன்றே இருக்கலாம்... ஒன்றும் கெட்டுவிடாது.